நண்டு லொறியும் நித்திரையும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து வரிக்கு வரி சாயும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். எங்கே எந்த எழுத்து வரும் என்பதில் இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. பிழையைக் கண்டால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் குருநகரில் நண்டு வாங்கி அனுப்புகிற வாடியில் நீங்கள் மூன்று பேர் என்னைச் சுற்றி நின்று, "அண்ணை, ரெண்டு றைவர் மாறி மாறி ஓடுறதுக்கு எத்தினை அடி லொறி எடுக்கலாம்? படுக்கை எப்பிடி இருக்கவேணும்?" என்று கேட்டீர்கள். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். விடை தெரியாமல் அல்ல. நாலு பேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கதைக்க எனக்கு வராது. அதோடு அந்த விடைக்குள் என்னுடைய பிழை ஒன்று கிடக்கிறது. வாயால் சொல்வதைவிட எழுதுவது கொஞ்சம் லேசு.

நீங்கள் இறங்கப்போவது அவசரச் சாமான் ஓட்டம். அதிலும் உயிர் நண்டு. காலையில் வந்த நண்டைக் கொடுக்குக் கட்டி, ஈரச் சாக்குப் போட்டுப் பெட்டிகளில் அடுக்கினால், பத்து மணிக்கு லொறி வெளிக்கிட வேண்டும். பொழுதுபட முன்னர் நீர்கொழும்புப் பக்கத் தொழிற்சாலையின் வாசலில் நிற்க வேண்டும். இறக்கிய கையோடு வேறு சாமான் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். ஒரு சாரதியால் இது முடியாது. ஒருவர் ஓட்ட மற்றவர் பின்னால் படுக்க வேண்டும். செத்த நண்டைத் தொழிற்சாலை எடுக்காது.

இந்த ஓட்டத்தை நான் அன்ரனோடு சேர்ந்து தொடங்கினேன். அன்ரன் குருநகர் ஆள். என்னைவிட ஆறு வயது இளையவர், படகை விட்டு லொறிக்கு வந்தவர், நல்ல உயரம், வாய் ஓயாது. லொறி வாங்குவதற்காக அவர் தன் படகை விற்றார். நான் நீர்வேலியில் வாழைத் தோட்டத்தில் எனக்கு வந்த பங்கை விற்றேன். வாடியை நடத்திய அம்மா எங்கள் இருவரையும் நிற்க வைத்தே சொன்னார்: "மூண்டு மாதம் பாப்பன். நண்டு செத்து ஒரு லோட் திரும்பினாலும் நான் வேறை லொறி பிடிப்பன். பிறகு வந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு நிக்கப்படாது."

படகும் போய்விட்டது, தோட்டமும் போய்விட்டது. இனி லொறி ஓடினால்தான் இரண்டு வீட்டிலும் உலை கொதிக்கும்.

லொறி பார்க்கப் போன முதல் நாள் ஒரு தரகர் எங்களைப் பிடித்துக்கொண்டார். "யப்பானிலை ஒரு வயசாளி பால் கொண்டு திரிஞ்ச லொறி, ஐயா. மீற்றரைப் பாருங்கோ, குழந்தைப் பிள்ளை" என்றார். ஓடிய தூரம் காட்டும் அந்த மீற்றரை நான் பார்க்கவில்லை. ஏறிப் படுக்கையின் மெத்தையைத் தூக்கினேன். மெத்தை புதிது. கீழே பலகையில் இடுப்பு விழும் இடம் தேய்ந்து குழிந்திருந்தது. தலைமாட்டுச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்குக் கறுப்பாகப் படிந்திருந்தது. அன்ரனின் காதில் சொன்னேன். அன்ரன் காதில் சொன்னால் அது ஊருக்குச் சொன்ன மாதிரி. உரக்கவே கேட்டார்:

"பால் கொண்டு திரிஞ்ச வயசாளி பலகை பள்ளமாகுமட்டும் ஏன் உள்ளுக்கை படுத்தவராம்? வீட்டிலை மனிசி ஏத்தேல்லையோ?"

பக்கத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். தரகர் எங்களோடு அதன் பிறகு கதைக்கவில்லை. நீங்களும் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். மீற்றரைத் திருப்பி வைக்கிறவர்கள் பலகையை மாற்ற மறந்துபோகிறார்கள்.

சாமானில் சந்தேகப்படுவது நல்லது என்று சொல்லத்தான் இதை எழுதினேன். அடுத்ததை எழுதத்தான் கை தயங்குகிறது.

கடைசியில் இரண்டு லொறிகள் மிஞ்சின. ஒன்று பதினெட்டரை அடி. அதில் படுக்கை ஆசனங்களுக்கு மேலே, கூரைக்குள் ஒரு சின்ன அறை மாதிரி. ஏறிக் கதவை இழுத்தால் வெளிச்சமும் இல்லை, றோட்டும் தெரியாது. மற்றது பதினாலரை அடி. அதில் படுக்கை ஆசனங்களுக்குப் பின்னால், ஒருவர் ஒடுங்கிப் படுக்கும் அகலம்தான். கீழே எஞ்சின் சூடு, முகத்தில் வெயில்.

"பெரிசை எடுப்பம், அண்ணை" என்றார் அன்ரன். "பெட்டியளைப் பரவி அடுக்கலாம். காலை நீட்டிப் படுக்கலாம். உந்தச் சின்னனிலை நான் படுத்தால் கால் யன்னலுக்காலை வெளியிலை நிக்கும்."

"குருநகர் ஒழுங்கையளுக்கை பெரிசு திரும்பாது."

"திரும்பாட்டி றோட்டிலை விடுவம். பெட்டியைத் தள்ளுவண்டிலிலை கொண்டுவாறது பெரிய வேலையே?"

"டீசல் குடிக்கும்."

"நீங்கள் எதுக்கோ சாட்டுச் சொல்லுறியள்."

அவர் சொன்னது சரி. சாட்டுத்தான் சொன்னேன், உண்மைக் காரணம் வேறு. பல வருடங்களுக்கு முன்னர் வாழைக்குலை ஏற்றிய ஒரு லொறியில் நான் படுத்திருந்த நேரத்தில், கூட ஓடியவர் தாங்கியிலிருந்து டீசலை இறக்கி விற்றார். பிடிபட்டபோது முதலாளி எங்கள் இருவரையும் ஒன்றாகவே நிறுத்தினார். "நான் நித்திரை" என்று சொன்னதை அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து லொறியில் கண்ணை மூடுவது எனக்குப் பயம். கூரைக்குள் கதவை மூடிக்கொண்டு படுத்தால் அன்ரன் எங்கே நிற்பாட்டுகிறார், யாரோடு கதைக்கிறார், எப்படித் தெரியும்? பெரிய லொறிதான் வேண்டும் என்று ஏன் நிற்கிறார்? மிஞ்சுகிற இடத்தில் யாருடைய சாமானை ஏற்றப் பார்க்கிறார்?

இதில் ஒன்றைக்கூட நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். பதினாலரை அடிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். நான் வயதில் மூத்தவன் என்பதால் அவர் விட்டுக்கொடுத்தார்.

படுக்கைப் பலகையைத் திருத்தும்போது தலைமாட்டை இடப்பக்கம் வைக்கச் சொன்னேன். அங்கிருந்து பார்த்தால் ஓட்டுகிறவரின் முகம் கண்ணாடியில் தெரியும், வேகம் காட்டும் முள்ளும் தெரியும். திரைச்சீலை போட அன்ரன் ஒரு துணி கொண்டுவந்தார்.

"வேண்டாம். மூடினால் எனக்கு மூச்சு முட்டும்" என்றேன்.

"வெயில் உங்களைக் கருவாடாக்கிப்போடும், அண்ணை."

"பரவாயில்லை."

தம்பிமாரே, லொறியைத் தெரிவுசெய்தபோது நண்டையும் நினைக்கவில்லை, நித்திரையையும் நினைக்கவில்லை. காவல் இருக்க வசதியான லொறியைத்தான் நான் எடுத்தேன்.

ஓட்டம் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து மதவாச்சி வரை அன்ரன் ஓட்டுவார், நான் படுப்பேன். அங்கிருந்து நான். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் அவர் இறங்கித் தேங்காய் உடைப்பார். ஏறும்போது சிலுவை போட்டுக்கொண்டு, "அந்தோனியாருக்கும் சொல்லியாச்சு, பிள்ளையாருக்கும் சொல்லியாச்சு. இனி எஞ்சின்தான் மனம் வைக்கவேணும்" என்பார். நான் கண்ணைப் பாதி மூடியபடி, அவர் இறங்கியதிலிருந்து ஏறும்வரை எத்தனை நிமிடம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாங்குளம் தாண்டி ஓர் இடத்தில் லொறி ஒவ்வொரு நாளும் நிற்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அன்ரன் சத்தமில்லாமல் இறங்குவார். பின்கதவின் தாழ்ப்பாள் இழுபடுவது கேட்கும். பத்து நிமிடத்தில் மூடுவது கேட்கும். ஏறி, ஒன்றும் நடக்காத மாதிரி ஓட்டுவார். வாய் ஓயாத மனிதர் இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

முதலில் நண்டை விற்கிறார் என்று நினைத்தேன். இறக்கும்போது பெட்டிகளை எண்ணினேன். சரியாக இருந்தது. அப்படியானால் எதையோ உள்ளே வைக்கிறார். அந்தப் பாதையில் என்னென்ன கடத்துகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சோதனையில் பிடிபட்டால் "நான் நித்திரை" என்று இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டிவரும். இறக்கியபின் ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்தேன். ஒரு தண்ணீர்க் கானைத் தவிர ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது என் சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

ஒரு நாள் வெளிக்கிட முன்னர், தாழ்ப்பாளில் வாழை நார் ஒன்றைக் கட்டினேன். வாழைக்குலைக்குக் கட்டுகிற எங்கள் ஊர் முடிச்சு. மதவாச்சியில் சாரதி மாறும்போது பின்னால் போய்ப் பார்த்தேன். நார் இருந்தது, ஆனால் முடிச்சு என்னுடையது அல்ல. அது வலை கட்டுகிறவர்களின் முடிச்சு. அவிழ்த்துத் திறந்துவிட்டு, எனக்குத் தெரியாமல் இருக்கத் திரும்பவும் கட்டியிருக்கிறார்!  கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். அதன் பிறகு படுக்கையில் பாதிக் கண்ணும் மூடவில்லை. திரும்பி வரும் வழியிலும் மூடவில்லை. வீட்டில் படுத்தாலும் அந்த முடிச்சுத்தான்.

நான் பிடிக்கவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாம் மாதம். அநுராதபுரம் தாண்டிப் புத்தளம் போகும் காட்டுப் பாதையில் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னேர வெயில் கண்ணுக்கு நேரே. கண்ணை மூடினேன் என்று எனக்கு நினைவே இல்லை. ஆனால் ரயரின் சத்தம் மாறியது. தாரின் சத்தம் போய் மணலின் சத்தம் வந்தது. அதை நான் கேட்டேன். கேட்டும், அது வேறு யாருடைய லொறியோ என்று பேசாமல் இருந்தேன்.

என் தோளுக்கு மேலால் ஒரு நீண்ட கை வந்து ஸ்ரியறிங்கைப் பிடித்து இழுத்தது.

"பிறேக்! அண்ணை, பிறேக்!"

மிதித்தேன். லொறி ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, புழுதிக்குள் நின்றது. புழுதி அடங்கியபோது முன்னால் ஒரு செவ்விளநீர்க் கொட்டில். இரண்டு முழத் தூரம்தான். கொட்டிலுக்குள் ஒரு பெண் இளநீர் வெட்டும் கத்தியோடு அசையாமல் நின்றாள். பிறகு சிங்களத்தில் ஏசத் தொடங்கினாள். முழுவதும் விளங்கவில்லை. விளங்கியதே எனக்குப் போதும்.

நான் இறங்கி மண்ணில் இருந்துவிட்டேன். 

"நீர் எப்பிடி எழும்பினீர்?" என்று அன்ரனைக் கேட்டேன்.

"படுத்தால்தானே எழும்பிறதுக்கு."

"ஏன், நீர் நித்திரை இல்லையே?"

"ஒரு மாதமாய் நீங்கள் கண் மூடுறேல்லை. கண்ணாடியிலை உங்கடை முழியைப் பாத்துக்கொண்டுதானே ஓடுறன். நித்திரை கொள்ளாத ஆள் ஓட்டேக்கை நான் பின்னாலை எப்பிடி நித்திரை கொள்ள?"

இரண்டு சாரதி உள்ள லொறி என்று சொல்லித்தான் வாடியில் வேலை எடுத்தோம். ஒரு மாதமாக அதில் ஒருவருமே நித்திரை கொள்ளவில்லை. இதற்கு ஒரு சாரதி தனியாக ஓடுவது நல்லது. களைத்தால் அவர் ஓரம்கட்டிப் படுப்பார்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. "மாங்குளத்துக்கு அங்காலை ஏன் நிப்பாட்டுறனீர்? கதவை ஏன் திறக்கிறனீர்?"

அன்ரன் என்னைக் கையில் பிடித்துத் தூக்கிப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்து, மூலையில் இருந்த தண்ணீர்க் கானைக் காட்டினார். அதைத் தினமும் கண்டிருந்தேன். குடிக்கிற தண்ணீர் என்று நினைத்திருந்தேன். உள்ளே இருந்தது கடல் தண்ணீர்.

"சின்ன லொறி, அண்ணை. பெட்டியை ஏழு தட்டு அடுக்கிறம். கீழ்த்தட்டுக்குக் காத்துப் போகுதில்லை. வெயில் ஏறினால் சாக்குக் காயுது. கொஞ்சம் கதவைத் திறந்து காத்து விட்டு, உந்தத் தண்ணியைத் தெளிக்கிறனான். இல்லாட்டி முதல் கிழமையே அரைவாசி செத்திருக்கும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால், பெரிசு கேட்டவன் இப்ப சாட்டுப் பிடிக்கிறான் எண்டெல்லோ நினைப்பியள். நீங்கள் நினைக்கிறது உங்கடை முகத்திலை எழுதிக் கிடக்கும்."

"அப்ப அந்த நார்?"

"எந்த நார்? தாழ்ப்பாளிலையோ? அது கிலுங்காமல் இருக்க நீங்கள் கட்டினது எண்டு நினைச்சன். அவிட்டால் திருப்பிக் கட்டத்தானே வேணும்."

சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார்.

"ஓ... என்னைப் பிடிக்கிறதுக்குக் கட்டினதோ?"

நான் தாழ்ப்பாளைப் பார்த்தேன்.  அன்ரன் வாய் மூடியிருந்ததை அன்றுதான் கண்டேன். அதைவிட அந்தப் பெண்ணின் ஏச்சு எவ்வளவோ மேல்.

அதற்குள் நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. உடனே வெளிக்கிட்டால் தொழிற்சாலைக்கு நேரத்துக்குப் போகலாம். நின்றால் நண்டு சாகும், வாடி அம்மா சொன்னதைச் செய்வார். ஆனால் எங்கள் இருவரில் யார் ஓட்டுவது? நான் இப்போதுதான் தூங்கி றோட்டை விட்டவன். அன்ரனின் கண் மிளகாய்ப் பழம் மாதிரிச் சிவந்திருந்தது. இன்றைக்குக் கை எட்டியது. அடுத்த தடவை எட்டாமல் போகலாம். அடுத்த கொட்டிலில் பெண்ணுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் நிற்கலாம்.

எனக்கு ரெலிபோனில் கதைப்பதே கூச்சம். வீட்டுக்கு எடுப்பதென்றாலும் அன்ரனைத்தான் எடுக்கச் சொல்வேன். அன்று நானே வாடி அம்மாவுக்கு எடுத்தேன்.

"அம்மா, நான் ஓட்டேக்கை நித்திரை தூங்கிப்போட்டன். லொறி றோட்டை விட்டு இறங்கிப்போட்டுது."

முதலில் ஆட்களைத்தான் கேட்டார். "ஆக்களுக்கு ஒண்டும் இல்லையே?"

"இல்லை."

"நண்டு?"

"இப்ப உயிரோடை இருக்கு. நாங்கள் படுத்து எழும்பித்தான் வெளிக்கிடப்போறம். கொஞ்சம் சாகும்."

"படு" என்றார். வைத்துவிட்டார். நல்லதுக்குச் சொன்னாரா, கோபத்தில் சொன்னாரா என்று தெரியவில்லை. குரலில் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"நீங்கள் முதல் படுங்கோ" என்றார் அன்ரன். எஞ்சினை நிற்பாட்டிக் கழற்றிய லொறித் திறப்பு அவர் கையில் இருந்தது. தான் உடுக்கிற சாரம் ஒன்றை எடுத்துப் படுக்கைக்கு முன்னால் குறுக்கே கட்டினார். வெயிலும் மறைந்தது, அவரும் மறைந்தார். பின்கதவு திறப்பது கேட்டது. பெட்டி இறக்குவது கேட்டது. என் பழைய புத்தி, எழும்பிப் பார் என்றது. எழும்பவில்லை. எழும்ப என்ன முகம் இருக்கிறது?

ஒரு மணித்தியாலம் என்றுதான் படுத்தேன். இரண்டரை மணித்தியாலம் என்னை எழுப்பவில்லை. சாரத்தை விலக்கி இறங்கியபோது பெட்டிகள் எல்லாம் மர நிழலில் பரவிக் கிடந்தன. அந்தப் பெண் சாக்குகளை விரித்துப் பிடிக்க, அன்ரன் கடைசிச் சொட்டுக் கடல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தார். ஏற்றி வெளிக்கிட்டோம். அவர் பின்னால் ஏறிச் சாரத்தை இழுத்துவிட்டார். சிலாபம் தாண்டும்வரை குறட்டை.

தொழிற்சாலையில் பிந்திப்போனதற்கு ஏச்சு வாங்கினோம். இரண்டு பெட்டி நண்டைக் கழித்துவிட்டு மற்றதை எடுத்தார்கள். வாடி அம்மா எங்களை இரண்டு கிழமை நிற்பாட்டி வேறு லொறி பிடித்தார். மூன்றாம் கிழமை கூப்பிட்டு, "நீ பொய் சொல்லேல்லை. அதுக்காகத்தான். திரும்பவும் நண்டு செத்தால் உந்தக் கதை எடுபடாது" என்றார்.

அந்த இரண்டு கிழமைக்குள் பதினாலரை அடியை விற்றோம்.

நீங்கள் கேட்டதற்கு விடை இதுதான். உயிர்ச் சாமான் என்றால் ஐந்து தட்டுக்கு மேல் அடுக்காத அளவுக்கு நீளம் எடுங்கள். ஒழுங்கைக்குள் போகாவிட்டால் போகாமல் இருக்கட்டும். படுக்கையின் நீளத்தை இரண்டு பேரில் உயரமானவருக்கு அளவு எடுங்கள். பகலில் படுப்பவருக்கு இருட்டு வேண்டும், எஞ்சின் சூடு முதுகில் படக்கூடாது. மற்றவர் ஓட்ட, நீங்கள் கதவை மூடிக்கொண்டு அதில் படுத்துப் பாருங்கள். கண் மூட முடியாவிட்டால் லொறியில் பிழையா, கூட ஓடுகிறவரில் பிழையா, உங்களில் பிழையா என்று அந்த இடத்திலேயே வாயைத் திறந்து கேளுங்கள். காசு கொடுத்த பிறகு கேட்க வேண்டாம். தாழ்ப்பாளில் ஒன்றும் கட்ட வேண்டாம்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த லொறி பார்க்கப் போனபோதும் மூன்று நாள் ரயரைத் தட்டி, அடித்தட்டின் கீழே ஊர்ந்து, பத்திரத்தை இரண்டு பேரிடம் கொடுத்து வாசிப்பித்து, விற்க வந்தவரை அழப்பண்ணினேன். அதுவும் பதினெட்டரை அடிதான். படுக்கை கூரைக்குள். கடைசி நாள் அன்ரன் என்னோடு அவ்வளவாகக் கதைக்காமல் ஓரமாக நின்றார். கூட ஓடுவாரா மாட்டாரா என்று அதுவரை அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் துணிவில்லை.

"அன்ரன், பருத்தித்துறை மட்டும் ஒருக்கா ஓடிக்கொண்டு வாரும். நான் மேலை படுக்கிறன்" என்றேன்.

"கதவை மூடியோ?"

"மூடித்தான்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திறப்பை வாங்கினார். நான் ஏறிக் கதவை இழுத்தேன். லொறி அசைந்தது தெரியும். முதல் வளைவு தெரியும். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. மிச்சம் அன்ரன் பிறகு சொன்னதுதான். பருத்தித்துறை போய்த் திரும்பி வந்து நிற்பாட்டியதும் விற்க வந்தவர் ஓடிவந்து, "என்ன, அவருக்கு லொறி பிடிச்சுதாமோ? இனி என்ன குறை சொல்லுறாராம்?" என்று கேட்டாராம்.

அன்ரன் விரலை வாயில் வைத்து, "சத்தம் போடாதேங்கோ. என்ரை ஆள் நித்திரை" என்றாராம்.

எழுதி முடித்தது: ஐப்பசி மாதம் இருபத்திரண்டாம் திகதி, மழை விட்ட பின்னேரம்.